நாற்பத்தொன்றாவது ஓணான்

அந்தப் படத்தைச் சட்டம் போடக் கொடுத்தபோது, கடைக்காரரிடம் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மூன்று முறை சொன்னேன்.

"சுத்தி வைக்கிற வெள்ளை அட்டை அகலமா இருக்கட்டும். வலது பக்க மேல் மூலை வெளிய தெரியவே கூடாது."

"மூலையில எதுவும் கறையா அண்ணாச்சி?"

"அதெல்லாம் இல்ல. ஒரு அழகுக்குத்தான்."

பொய். அந்த மூலை வெட்டப்பட்டிருந்தது. வெட்டியது யார், எதற்காக வெட்டினார், இரண்டும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் மறைத்தேன்.

நான் காளீஸ்வரன். நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி. வீட்டு மாடியில் ஏசி போட்ட ஓர் அறை உண்டு. அதில் பட்டாசு சம்பந்தமாக ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. சுவரில் படம் வரைகிற கிராஃபிட்டிக் கலைஞர்கள் சில சமயம் தங்கள் படத்தை ஸ்கிரீன் பிரிண்டில் முப்பதோ ஐம்பதோ பிரதி மட்டும் போடுவார்கள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண் எழுதிக் கையெழுத்திடுவார்கள். பிறகு ஸ்கிரீனை அழித்துவிடுவார்கள். அதற்கு மேல் ஒரு பிரதியை எந்தக் கொம்பனாலும் போட முடியாது. என்னிடம் இருப்பது உன்னிடம் இல்லை! அந்தப் போதைக்காகவே பெங்களூர், கொச்சி, டெல்லி என்று அலைந்து முப்பத்தொரு படம் சேர்த்து வைத்திருந்தேன்.

என் மனைவி பிரீத்திகாவுக்கு இதில் எப்போதும் ஒரு சிரிப்பு.

"ஊரு உலகத்துக்கே அச்சடிச்சு அனுப்புற ஊருல இருந்துக்கிட்டு, அச்சடிச்ச தாளை வெளியூர் போயி வாங்கிட்டு வர்ற ஒரே ஆளு நீங்கதான்."

அவளுக்குப் பதில் சொல்வதுபோல உள்ளூரிலேயே ஒரு கலைஞர் கிடைத்தார்.

மூன்று வருடமாக எங்கள் பக்கத்துச் சுவர்களில் ஓணான்கள் ஏறிக்கொண்டிருந்தன. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒன்று. பாலத்துக்குக் கீழே ஒன்று. இடிந்த தண்ணீர்த் தொட்டியைக் கட்டிப்பிடித்தபடி ஆளுயரத்துக்கு ஒன்று. கீழே பெயர் இருக்காது. நான் விசாரித்து விசாரித்து, பெயின்ட் கடைக்காரர் வாயைக் கிளறிக் கண்டுபிடித்தேன். வெம்பக்கோட்டைப் பக்கம் மக்காச்சோளம் போடுகிற சம்சாரி வீட்டுப் பெண். அழகுமீனா. இருபத்தாறு வயது.

"எதுக்கும்மா ஓணானையே வரையிற?"

"நம்ம ஊரு வெயிலு அதுக்கு மட்டுந்தான் புடிச்சிருக்கு அண்ணாச்சி."

நாற்பது பிரதி போடலாம் என்று அவளைச் சம்மதிக்க வைத்தவன் நான். திருத்தங்கலில் என் மனைவியின் அண்ணன் அய்யாதுரைக்கு லேபிள் அடிக்கிற அச்சாபீஸ். ஓரமாகச் சின்ன ஸ்கிரீன் பிரிண்டிங் பகுதியும் இருந்தது. அங்கே அதைப் பார்ப்பவர் முனியசாமி. முப்பது வருட அனுபவம். தாளைத் தொட்டே கனம் சொல்லுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை. நாலு நிறத்துக்கு நாலு ஸ்கிரீன். ஒவ்வொரு நிறத்தையும் சரியான இடத்தில் உட்கார வைக்க முதலில் சில தாள்களைப் பலி கொடுக்க வேண்டும். அப்படி ஆறு தாள் வேஸ்ட் ஆனது. வேஸ்ட் ஆன உடனே முனியசாமி இடுப்பிலிருந்த கத்தரியை எடுத்து, ஒவ்வொன்றிலும் வலது மேல் மூலையை வெற்றிலைக் காம்பு கிள்ளுவதுபோல ஒரு நறுக்கு நறுக்கினார்.

"எதுக்குண்ணே இது?" என்றாள் அழகுமீனா.

"பழைய வேலைப் பழக்கம் தாயி. தீப்பெட்டி லேபிள் அடிச்ச கம்பெனியில வேஸ்ட் லேபிளை எவனோ வெளிய கடத்தி, போலித் தீப்பெட்டியில ஒட்டி வித்துட்டான். போலீசு வந்து எங்க அம்புட்டுப் பேரையும் வரிசையா நிக்க வச்சான். அன்னையில இருந்து வேஸ்ட்டுன்னா மூலையை வெட்டிருவேன். அப்புறம் கட்டிங் மெஷின்ல விட்டுப் பொடிப்பொடியா ஆக்கிருவேன். மூலை இல்லாத தாளு வெளிய போச்சுன்னா அது திருடுனதுன்னு அர்த்தம்."

அந்த ஆறில் மூன்றாவது தாள்தான் என்னைக் கெடுத்தது.

அதில் மஞ்சள் நிறம் அரை விரற்கடை விலகி விழுந்திருந்தது. ஓணானின் உடம்பு ஓர் இடத்தில் இருக்க, அதன் வெயில் மட்டும் கிளம்பி முன்னால் போவதுபோல இருந்தது. சரியாக விழுந்த நாற்பதைவிட அது ஆயிரம் மடங்கு உயிரோடு இருந்தது. கையில் என் பிரதி இருந்தது, ஏழாம் எண், கையெழுத்தோடு. ஆனால் ஏழு இருந்தால் எட்டும் இருக்கிறது. இது? இது ஒன்றே ஒன்று.

ஸ்கிரீன்களைக் கழுவி அழிக்கிறதை அழகுமீனா கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள். முனியசாமி அவளைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். ஹாலில் நான் மட்டும். கட்டிங் மெஷின் மேல் ஆறு தாள். என் கையில் ஏழாம் எண்ணைச் சுருட்டி வைத்திருந்த கேலண்டர் குழாய்.

பத்து வினாடிகூட ஆகியிருக்காது. குழாய்க்குள் ஒரு தாள் இருந்தது, இரண்டானது.

முனியசாமி வந்தார். மிச்சத்தை அப்படியே மெஷினில் தள்ளினார். எண்ணவில்லை. ஏன் எண்ண வேண்டும்? அங்கே நின்றது முதலாளியின் தங்கை புருஷன். கத்தி இறங்கியது.

"ஆறும் போச்சு தாயி," என்றார் அழகுமீனாவிடம்.

நான் அவளோடு சேர்ந்து தலையாட்டினேன்.

இரண்டு மாதம் அந்தப் படம் என் மாடியில் பத்திரமாக இருந்தது. ஆனால் ஒருவருக்கும் காட்டாமல் வைத்திருப்பதில் என்ன சுகம்? மதுரையில் சோலைமலை என்று ஒரு பல் டாக்டர். என்னைப் போலவே சேகரிப்பவர். பன்னிரண்டாம் எண் அவரிடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்து அலட்டிக்கொண்டார்.

"காளீ, உங்க ஏழும் என் பன்னெண்டும் ஒண்ணுதான். எண்ணு சின்னதா இருந்தா ஓணான் ரெண்டு கால் கூடவா முளைச்சிருக்கு?"

சுருக்கென்று பட்டது. போனைத் திருப்பினேன்.

"இதைப் பாருங்க டாக்டர். இது உங்ககிட்ட இருக்கா?"

அவர் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தானே எல்லாம்! ஆனால் அதே வினாடியில் அவர் விரல் ஸ்கிரீன் ஷாட் எடுத்திருக்கிறது.

மறுநாள் சேகரிப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் வந்தது. அடியில் ஒரு கேள்வி. 'நாற்பதுதான் என்றார்களே, இது நாற்பத்தொன்றா?'

என் பெயர் இல்லை. எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்திருந்தது. 'உங்க பேரு என் வாயில வராது. அந்த அச்சாபீஸ் ஆளுகிட்டச் சொல்லி எனக்கும் ஒண்ணு வாங்கித் தாங்க.'

முனியசாமி விற்றார் என்று அவராகவே முடிவு செய்துவிட்டார். 'இல்லை' என்று ஒரு வார்த்தை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை.

இரண்டாம் நாள் காலை அய்யாதுரை போன் செய்தார்.

"மாப்ள, ஒடனே வாங்க. நீங்க கூட்டிட்டு வந்த பிள்ளை இங்க வந்து நிக்குது."

நான் போனபோது அழகுமீனா போனை நீட்டிக்கொண்டிருந்தாள். எதிரே முனியசாமி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாப்பதுதான்னு நாப்பது பேருக்கு வாக்குக் குடுத்திருக்கேண்ணே. மூணு பேரு திருப்பி எடுத்துக்கோங்கங்கிறாக. சுவத்துல வரையிற கழுதைக்கு எண்ணவா தெரியும்னு ஒருத்தரு எழுதுறாரு. ஆறும் போச்சுன்னு நீங்கதான சொன்னீக?"

"சொன்னேன் தாயி. வேஸ்ட்டுன்னா நான் மூலையை வெட்டிருப்பேன். இதுல மேல் மூலை எப்படி இருக்குன்னு பெருசாக்கிக் காட்டு."

அவள் பெரிதாக்கினாள். அகலமான வெள்ளை அட்டை. மூலை தெரியவில்லை. தெரியாது. அதற்குத்தான் மூன்று முறை சொல்லியிருந்தேனே.

"வெட்டைக் காணோம். வேஸ்ட் ஆறும் மெஷின்ல போச்சு. மஞ்சள் வெலகுனாலும் இது முழுத்தாளுதான்," என்றார் முனியசாமி மெதுவாக. சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. "அப்போ... நான் நாப்பத்தொண்ணு இழுத்திருக்கேனா? எண்ணிக்கை தப்பிட்டேனா தாயி?"

தன் மேல் விழுந்த பழியைத் தானே நெய்து முடித்துக்கொண்டிருந்தார். அவரைக் காப்பாற்றுகிற ஒரே சாட்சி வெட்டுப்பட்ட ஒரு மூலை. அது என் வீட்டு மாடியில், நான் வைக்கச் சொன்ன அட்டைக்குப் பின்னால்.

இப்போது சொல்லலாம். வாயைத் திறந்தேன்.

"வயசாகுதுல்ல மச்சான். எண்ணிக்கை தப்பியிருக்கும்," என்றேன்.

நான்தான் சொன்னேன். என் குரல்தான் அது.

அய்யாதுரை தலையைச் சொறிந்தார். "தப்பி விழுந்ததோ, வித்ததோ, ஒரு தாளு வெளிய போயிருக்கு. இது லேபிள் கம்பெனிக்காரனுக்குத் தெரிஞ்சா ஒரு ஆர்டர் வராது. சீசன் நேரம். முனியசாமி, கொஞ்ச நாளைக்கு வீட்டுல இருங்க."

முனியசாமி இடுப்பிலிருந்து கத்தரியை எடுத்து மேஜையில் வைத்தார். நாங்கள் எல்லோரும் அந்தக் கத்தரியையே பார்த்துக்கொண்டிருந்தோம், அவர் படியிறங்கும்வரை.

வீட்டுக்கு வந்ததும் பிரீத்திகா மாடிக்கு வந்தாள். அண்ணன் அவளிடமும் பேசியிருக்கிறார்.

"முனியசாமிண்ணனை நிறுத்திட்டாகளாம். நம்ம கல்யாணப் பத்திரிகை அடிச்ச மனுசன்..." பேச்சை நிறுத்திச் சுவரைப் பார்த்தாள். "ஏங்க, இந்த ஓணான் ஏன் ரெண்டு இருக்கு?"

"ஒண்ணு மாதிரிக்கு. அந்தப் பொண்ணே குடுத்தது."

அவள் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இறங்கிப் போனாள். படிக்கட்டில் அவள் கால் ஓர் இடத்தில் நின்றதும், திரும்பவும் இறங்கியதும் கேட்டது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்தேன். மூன்று நாள் அவள் என்னிடம் சாப்பாட்டைத் தவிர எதையும் கேட்கவில்லை.

நாலாம் நாள் திருத்தங்கல் வழியாகக் காரில் போனேன். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் முனியசாமி. மடியில் பழைய நியூஸ் பேப்பர்க் கட்டு. அச்சாபீஸ்காரர்கள் செய்வதுபோலத் தாள்களை விசிறியாக விரித்து, ஐந்து ஐந்தாக விரலால் தள்ளி எண்ணிக்கொண்டிருந்தார். முடித்துத் தட்டி அடுக்கி, திரும்பவும் விரித்தார்.

காரை நிறுத்தியிருக்கக் கூடாது. நிறுத்தினேன்.

"மொதலாளி!" எழுந்துவிட்டார். "காலையில இருந்து இருபது தடவை எண்ணிட்டேன். நூறு வச்சா நூறுதான் வருது. இவுககிட்டக் குடுத்து நடுவுல ஒண்ணை உருவச் சொல்றேன். சரியாத் தொண்ணூத்தொம்பது வருது. கை தப்பல மொதலாளி. அன்னைக்கு மட்டும் எப்படித் தப்புச்சு?"

டீக்கடைக்காரர் எனக்குக் கண்ணைக் காட்டினார், பாவம் என்பதுபோல.

வீட்டுக்குத் திரும்பினேன். மாடிக்குப் போய்ப் படத்தைக் கழற்றினேன். முதலில் எனக்கு வந்த யோசனை தபால்! பெயர் போடாமல் அழகுமீனாவுக்கு அனுப்பிவிடலாம். வெட்டிய மூலையைப் பார்ப்பாள், முனியசாமி எண்ணிக்கை தப்பவில்லை என்று தெரிந்துவிடும். ஆனால் வேஸ்ட்டை விற்றது அவர்தான் என்று ஆகும். எண்ணத் தெரியாத கிழவனிலிருந்து திருடனாக உயர்த்தியிருப்பேன்.

படத்தைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்துக்கொண்டு மறுபடி டீக்கடைக்கு வந்தேன்.

"ஏறுங்கண்ணே. அழகுமீனாவைப் பாத்துட்டு வருவோம்."

அழகுமீனா அன்று வெம்பக்கோட்டை அணைக்குப் போகும் சாலையில் ஒரு சுவரில் வேலை செய்துகொண்டிருந்தாள். அரை மணி நேர ஓட்டம். நாரணாபுரம் தாண்டவில்லை, போர்வை நழுவியது. முனியசாமி பின்னால் கையை நீட்டிச் சரிசெய்யப் போனவர், அப்படியே படத்தைத் தூக்கி மடியில் வைத்தார்.

மஞ்சள் விலகிய ஓணான்.



"மொதலாளி! இதை எங்கன புடிச்சீக?"

நான் சாலையைப் பார்த்தேன்.

"நீங்களே கண்டுபிடிச்சுட்டீகளா? மூணு நாளா இதுக்குத்தான் அலைஞ்சீகளா?" கண்ணாடி மேல் விரலை வைத்து வலது மூலையைத் தடவினார். "இந்த அட்டைக்குப் பின்னாடி இருக்கும் பாருங்க, என் வெட்டு. மஞ்சள் வெலகுன தாளு. இது மூணாவது வேஸ்ட், எனக்கு ஞாபகம் இருக்கு. எவன் எடுத்தான்னு கேக்க மாட்டேன் மொதலாளி. எனக்காக நீங்க அலைஞ்சீகளே, அது போதும். எம் பொண்டாட்டி பஞ்சம்மா மூணு நாளாச் சோறு திங்கல. போன் போட்டுச் சொல்லட்டா?"

"அப்புறம் சொல்லலாம்ணே."

மீதி வழி முழுதும் அவர் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தார். என் தாத்தாவைப் பற்றிச் சொன்னார், நல்ல மனுசன் என்று. எங்கள் குடும்பத்துக்கே கை சுத்தம் என்று. ஒவ்வொரு வளைவிலும் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். ஒவ்வொரு வளைவிலும் ஒரு லாரி வந்தது. அல்லது வந்ததாக நான் வைத்துக்கொண்டேன். இன்னொன்றும் ஓடியது உள்ளே. இவரே எனக்கு வழி போட்டுக் கொடுக்கிறாரே! 'கண்டுபிடித்தேன், யார் என்று கேட்காதீர்கள்' என்று முடித்துவிட்டால்?

வெம்பக்கோட்டை வந்தது. அழகுமீனா ஏணியில் நின்று ஓணானின் கண்ணுக்கு வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். கார் நிற்கும் முன்பே முனியசாமி கதவைத் திறந்தார்.

"தாயி! மொதலாளி கண்டுபிடிச்சுட்டாக!"

அவள் இறங்கி வந்தாள். தூரிகையைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு படத்தைப் பார்த்தாள். சட்டத்தைப் பார்த்தாள். பிறகு என்னை.

"யார்கிட்ட இருந்துச்சு அண்ணாச்சி?"

முனியசாமி முந்திக்கொண்டார். "அது எதுக்குத் தாயி? மனுசனை மாட்டி விட்டு..."

"நீங்க இருங்கண்ணே. யார்கிட்ட இருந்துச்சு?"

"என்கிட்ட," என்றேன்.

"எப்போ இருந்து?"

"அன்னையில இருந்தே. நீங்க ஸ்கிரீன் கழுவப் போனப்ப எடுத்தேன். கேலண்டர் குழாய்ல."

முனியசாமி சிரித்தார். நான் அவருக்காக யாரையோ காப்பாற்றுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தச் சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. நான் தரையைப் பார்த்துவிட்டேன்.

அவர் அழகுமீனாவின் பெயின்ட் பெட்டியிலிருந்து ஒரு பிளேடை எடுத்தார். சட்டத்தைக் குப்புறக் கவிழ்த்து, பின் அட்டையைக் கீறி, தாளை உருவினார். வலது மேல் மூலை. சுத்தமான ஒரு வெட்டு.

"பாரு தாயி. வெட்டியிருக்கேன். நாப்பதுதான் இழுத்திருக்கேன்." வெட்டின் மேல் விரலை வைத்தார். "ஆனா ஆறும் போச்சுன்னு எண்ணாமச் சொன்னது என் தப்பு. அந்த இடத்துல வேற எவன் நின்னிருந்தாலும் எண்ணியிருப்பேன்."

அதை என்னிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் என்னிடம் நேராக எதையுமே சொல்லவில்லை.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன் அண்ணாச்சி," என்றாள் அழகுமீனா. "வேஸ்ட்டுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருப்பேன். கேக்க வாய் வரலையா, இல்ல கேட்டு வாங்குனா ருசிக்காதா?"

பதில் எனக்குத் தெரியும்.

தாளைக் கார் பேனட் மேல் விரித்தாள். பென்சிலை எடுத்து, கீழ் ஓரத்தில், எண் எழுத வேண்டிய இடத்தில் பொறுமையாக எழுதினாள். 'முனியசாமி வெட்டியது. காளீஸ்வரன் திருடியது. இது ஒன்றுதான்.' கீழே கையெழுத்து. அதை முனியசாமியிடம் நீட்டினாள்.

"உங்க மேஜைக்கு மேல மாட்டுங்க. படம் எடுத்து நாப்பது பேருக்கும் நானே அனுப்புறேன்."

அன்று சாயங்காலமே முனியசாமியை வைத்துக்கொண்டு அய்யாதுரையிடம் சொன்னேன். அவர் முனியசாமியின் கத்தரியை மேஜையிலிருந்து எடுத்துத் துடைத்து, அவரிடம் கொடுத்தார். எனக்கு டீ சொன்னார். முன்பெல்லாம் என் டீ ஹாலுக்கே வந்துவிடும். இப்போது வாசல் அறைக்குத்தான் வருகிறது.

சோலைமலை ஒரே ஒரு முறை பேசினார். "அது இப்போ உலகத்துலயே ஒண்ணு காளீ. பேரோட இருக்கு. அந்த ஆளுகிட்டக் கேட்டுப் பாத்தா என்ன?" போனை வைத்துவிட்டேன். மாடி அறையைப் பூட்டிச் சாவியைப் பிரீத்திகாவிடம் கொடுத்தேன். அவள் வாங்கி, மளிகைச் சாவிகளோடு கோத்துக்கொண்டாள்.

லேபிள் கட்டு எடுக்க வாரம் ஒருமுறை திருத்தங்கல் போக வேண்டியிருக்கிறது. முனியசாமியின் மேஜைக்கு மேல் அந்த ஓணான் தொங்குகிறது. அட்டை வைக்கவில்லை. வெட்டிய மூலை நன்றாகத் தெரிகிறது. அவர் கட்டை என் முன்னால் பிரித்து, விசிறியாக விரித்து, சத்தமாக எண்ணுகிறார். முடித்ததும் என் பக்கம் தள்ளி, யாரிடமோ சொல்வதுபோலச் சொல்கிறார்.

"ஒருக்க எண்ணிக்கிடச் சொல்லுங்க."

எண்ணுகிறேன்.

அன்று சுவரடியில் நடந்ததில் ஒன்றைப் பிரீத்திகாவிடம்கூட நான் சொல்லவில்லை. அழகுமீனா 'இது ஒன்றுதான்' என்று எழுதி முடித்து, தாளைத் தூக்கினாளே, அப்போது என் பெயருக்கு அடுத்து இருந்த வார்த்தை என் கண்ணில் படவில்லை. அந்தக் கடைசி இரண்டு சொல் மட்டும்தான் பட்டது. என் கை தானாக நீண்டது, வாங்கிக்கொள்ள.

அழகுமீனா அந்தக் கையைப் பார்த்தாள். அதைச் சுற்றிக் கடந்துபோய் முனியசாமியிடம் கொடுத்தாள்.